ஒயர்மேனுக்கு ஒரு பாடநூல்: இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மின்னியல் கல்வி

(ஆழ்வார்குறிச்சியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேலை முடிந்த கையோடு வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் எலக்ட்ரீசியன் தம்பிமார்களை மனத்தில் வைத்துத்தான் இன்று பேசப்போகிறேன். மின்னியலின் அடிப்படைகளை இணையத்தில் காசு செலவில்லாமல் கற்பது பற்றிய பேச்சு இது. தலைப்பைப் பார்த்தவர்கள் பொறியியல் மாணவர்களுக்கான உரை என்று நினைத்திருக்கலாம். அந்த மாணவர்களுக்குக் கல்லூரி இருக்கிறது, ஆய்வுக்கூடம் இருக்கிறது, கேள்வி கேட்கப் பேராசிரியர் இருக்கிறார். நான் நினைப்பது வேறொருவரை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, ஊரில் மூத்த ஒயர்மேன் ஒருவரிடம் ஹெல்ப்பராகச் சேர்ந்து, சுவரைக் கொத்திப் பைப் பதித்து, சில ஆண்டுகளில் ஒரு வீட்டுக்கு முழு ஒயரிங்கும் தனியாகச் செய்யும் அளவுக்கு வளர்ந்தவர் அவர்.

அவர் கைக்குத் தெரிந்தது ஏராளம். எரிந்துபோன ஃபியூஸ் கட்டையைக் கழற்றிப் பார்த்த மாத்திரத்தில், லோடு தாங்காமல் போனதா, ஷார்ட் ஆகிப் போனதா என்று சொல்லிவிடுவார். மோட்டாரின் உறுமலை வைத்தே ஒரு ஃபேஸ் வரவில்லை என்று கண்டுபிடிப்பார். ஏன் அப்படி ஆகிறது என்று கேட்டால் மட்டும், “அது அப்படித்தான் சார்” என்பார். அந்த ‘ஏன்’ அவருக்குக் கிடைக்காமல் போனதற்கு அவர் காரணம் இல்லை. அவர் வாங்கக்கூடிய விலையில், அவர் படிக்கும் மொழியில், அவர் செய்யும் வேலையைத் தொட்டுப் பேசும் நூல் அவர் கைக்கு வந்ததில்லை. இன்று விலை அறவே ஒழிந்துவிட்டது. மற்ற இரண்டும் எந்த அளவுக்கு நிறைவேறியிருக்கின்றன, மிச்சத்தை யார் செய்வது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இதை ஆழ்வார்குறிச்சியில் சொல்வது பொருத்தம். இயந்திரங்களோடு உறவுள்ள ஊர் இது. இங்கே பிறந்த எஸ். அனந்தராமகிருஷ்ணன் சென்னைக்குப் போய் சிம்சன் நிறுவனத்தின் பொறுப்பேற்று, அமால்கமேஷன்ஸ் குழுமத்தைக் கட்டி எழுப்பினார். நம் வயல்களில் ஓடும் டாஃபே டிராக்டரும் அந்தக் குழுமத்தினுடையதே. சிவசைலத்து அம்மன் பரமகல்யாணியின் பெயரில் இந்த ஊரில் பள்ளியும் கல்லூரியும் இருப்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மின்சாரமும் இந்தப் பள்ளத்தாக்குக்குப் பழைய உறவு. 1880களிலேயே ஹார்வி சகோதரர்கள் விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை வைத்தபோது, தாமிரபரணித் தண்ணீரின் விசையை நம்பித்தான் அந்த இடத்தைத் தேர்ந்தார்கள். சென்னை மாகாணத்தில் பைக்காரா 1932-இலும் மேட்டூர் 1937-இலும் மின்சாரம் தரத் தொடங்கின. அடுத்து 1944-இல் பாபநாசம் வந்தது. இன்று அதன் திறன் 32 மெகாவாட். பிறகு சேர்வலாறு வந்தது, ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகள் வந்தன, கூடங்குளத்தில் தலா 1000 மெகாவாட் அணு உலைகள் வந்தன. நீர், காற்று, அணு, வெயில் என்று நான்கு வழியிலும் மின்சாரம் பிறக்கிற தென்கோடி இது. இங்கே வாழும் ஒருவருக்கு மின்சாரம் புரியாத மாயமாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை.

பாபநாசத்தைச் சொன்னதால் ஓர் உவமையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேலே அணையில் நிற்கும் தண்ணீரின் உயரத்தை வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் நொடிக்கு இறங்கும் தண்ணீரின் அளவு ஆம்பியர். குழாயின் நெருக்கம் ஓம். உயரத்தையும் இறங்கும் அளவையும் பெருக்கினால் கிடைக்கும் வலிமையே வாட். தொடக்கத்துக்கு இந்த உவமை நன்றாக உதவும். ஒரு கட்டத்துக்குமேல் இதை விட்டுவிடவேண்டும். குழாய் உடைந்தால் தண்ணீர் வெளியே கொட்டும். கம்பி அறுந்தாலோ மின்னோட்டம் நின்றுபோகும். திரும்பிப் போக வழி இல்லாமல் மின்சாரம் ஓடாது என்ற உண்மையைத் தண்ணீர் நமக்குச் சொல்லித் தராது. அந்த இடத்தில்தான் பாடநூல் தேவைப்படுகிறது.

கோட்பாடு தெரிந்தால் என்ன மாறும்? வேலையிலிருந்தே சில உதாரணங்கள் சொல்கிறேன்.

ஒரு தோப்பு. மீட்டர் பெட்டியிலிருந்து கிணறு 200 மீட்டர் தள்ளி இருக்கிறது. சிங்கிள் ஃபேஸ் மோட்டார், 6 ஆம்பியர் இழுக்கிறது. கையிருப்பில் இருந்த ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியை இழுத்துவிட்டார்கள். அந்தக் கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம் மின்தடை. போக 200, வர 200, ஆக 400 மீட்டர். தடை 4.8 ஓம். அதை 6 ஆம்பியரால் பெருக்கினால் கிட்டத்தட்ட 29 வோல்ட் கம்பியிலேயே போய்விடுகிறது. 230 புறப்பட்டால் மோட்டாருக்கு 201 தான் போய்ச் சேரும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டிருந்தால் இழப்பு 11 வோல்ட்டோடு நின்றிருக்கும். இதற்குப் பெருக்கல் வாய்ப்பாடு போதும், ஓம் விதி போதும். எட்டாம் வகுப்புக் கணக்கு. ஆனால் கணக்குப் போடத் தெரியாததால், “இந்தக் கம்பெனி மோட்டார் சரியில்லை” என்று பழி மோட்டார்மீது விழுகிறது, அடுத்த மோட்டாரும் வாங்கப்படுகிறது.

வோல்டேஜ் குறைந்தால் மோட்டாருக்கு என்ன ஆகும்? ஓம் விதியை அரைகுறையாகப் படித்தவர், வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் குறையும், ஆகவே ஆபத்தில்லை என்பார். “வோல்டேஜ் கம்மியா இருக்கு, மோட்டாரைப் போடாதிய” என்று சொல்லும் அனுபவசாலி விவசாயி அவரைவிட விவரமானவர். மோட்டார் வெறும் தடை இல்லை. அது சுழலும்போது உள்ளே ஓர் எதிர் மின்னழுத்தத்தைத் தானே உண்டாக்குகிறது. இறைக்கவேண்டிய தண்ணீர் அப்படியே இருக்கும்போது வோல்ட் குறைந்தால், அந்தச் சுமையைச் சுமக்க அது கூடுதல் ஆம்பியர் இழுக்கிறது. காயிலில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். ஆம்பியர் 20 சதவீதம் கூடினால் வெப்பம் 44 சதவீதம் கூடும். மூன்று ஃபேஸில் ஒன்று போய், மோட்டார் மிச்ச இரண்டில் ஓடிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான், இன்னும் வேகமாக. காயில் கட்டும் கடைகளில் குவிந்துகிடக்கும் மோட்டார்களில் பலவற்றின் வரலாறு இவ்வளவே.

இன்னொன்று, நியூட்ரல் அறுவது. ஒரு தெருவில் டி.வி.யும் ஃபிரிட்ஜும் ஒரே நேரத்தில் புகைந்தால், “ஹை வோல்டேஜ் வந்துட்டு” என்போம். எங்கிருந்து வந்தது? மின்வாரியம் கூட்டி அனுப்பவில்லை. தெருவில் ஓடும் மூன்று ஃபேஸில் எந்த இரண்டுக்கும் இடையே 400 வோல்ட் இருக்கிறது. ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230. பொது நியூட்ரல் அறுந்தால், வேறு வேறு ஃபேஸில் இருக்கும் இரண்டு வீடுகள் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டதுபோல் ஆகிவிடும். ஒரு வீட்டில் 1000 வாட் இஸ்திரிப்பெட்டி மட்டும், அடுத்த வீட்டில் 100 வாட் குண்டு பல்பு மட்டும் ஓடுவதாகக் கொள்ளுங்கள். இஸ்திரிப்பெட்டியின் தடை 53 ஓம், பல்பின் தடை 529 ஓம். 400 வோல்ட் அந்த விகிதத்தில் பிரிந்து, பல்புக்குச் சுமார் 364 வோல்ட் போய்ச் சேரும். குறைவாக மின்சாரம் செலவழித்த வீட்டுக்குத்தான் அதிக அடி. இதை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்த்த ஒயர்மேன், அதன்பின் நியூட்ரல் இணைப்பை ஒருநாளும் அலட்சியமாக முறுக்கிவிட்டுப் போகமாட்டார்.

உயிரைத் தொடும் உதாரணம் ஒன்றும் உண்டு. வீட்டு மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. என்ற காவல் கருவி வைக்கிறோம். ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமா என்று அது இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், யார் உடல் வழியாகவோ ஈரச்சுவர் வழியாகவோ தரைக்குக் கசிகிறது என்று பொருள், இமைப்பொழுதில் துண்டித்துவிடும். மின்னோட்டம் அளவு மீறினால் விழும் எம்.சி.பி. காப்பது கம்பியை, ஆளைக் காப்பது இதுதான். ஆனால் பல வீடுகளில் ஆர்.சி.சி.பி. “சும்மா சும்மா விழுது” என்று கழற்றப்படுகிறது, அல்லது தாண்டி இணைப்புக் கொடுக்கப்படுகிறது. அது சும்மா விழுவதில்லை. மாடிக்குப் போன லைனின் நியூட்ரலும் கீழ்வீட்டு லைனின் நியூட்ரலும் எங்கோ ஒரு ஜங்ஷன் பாக்ஸில் கலந்திருக்கும். போனது ஒரு வழி, திரும்பியது வேறு வழி. கருவிக்குக் கணக்கு இடிக்கிறது. அதன் உள்ளே நடப்பது தெரிந்தவர் கலந்த நியூட்ரலைத் தேடிப் பிரிப்பார். தெரியாதவர் கருவியைக் குறைசொல்லி எடுத்துவிடுவார். நம் நாட்டில் மின்சாரம் தாக்கி இறப்போர் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். அதனால்தான் அடிப்படை மின்னியலை நான் தேர்வுக்கான பாடமாக மட்டும் பார்க்க மறுக்கிறேன்.

சரி, இவை எங்கே கிடைக்கின்றன? வெளிநாட்டுக்குப் போவதற்குமுன் வீட்டிலிருந்து தொடங்குவோம். தமிழ்நாட்டின் பள்ளிப் பாடநூல்கள் எல்லாமே கோப்பாக இலவசமாகத் தரவிறக்கக் கிடைக்கின்றன. பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியல் என்ற அலகு இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் மின்னோட்டவியலும், மின்காந்தத் தூண்டலும் மாறுதிசை மின்னோட்டமும் விரிவாக இருக்கின்றன. பலருக்கும் தெரியாத இன்னொன்று, மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவுக்கென்றே எழுதப்பட்ட ‘அடிப்படை மின் பொறியியல்’ பாடநூல். தமிழிலேயே இருக்கிறது. நீட் தேர்வின் ஓசையில் தொழிற்கல்விப் பிரிவின் புத்தகங்களை நாம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்தப் பிரிவில் சேராத ஒருவர் அந்தப் புத்தகத்தைப் படிக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

என் மதிப்பீட்டில், நான் சொன்ன ஹெல்ப்பருக்கு எல்லாவற்றிலும் பொருத்தமானது ‘நிமி’ நூல்கள்தான். தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம் என்பது அதன் முழுப்பெயர். சென்னை கிண்டியில் இருக்கிறது. 1986-இல் ஜெர்மானிய ஒத்துழைப்போடு தொடங்கப்பட்டது. நாடெங்கும் உள்ள ஐ.டி.ஐ.களுக்குத் தொழிற்பிரிவு வாரியாக நூல் எழுதுவதே அதன் பணி. பேட்டை ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் பிரிவு மாணவர் கையில் இருப்பது இந்த நூல்தான். மத்திய அரசின் ‘பாரத் ஸ்கில்ஸ்’ தளத்தில் ஐ.டி.ஐ. பாடத்திட்டம், நூல்கள், வினாத்தொகுப்பு, காணொளி ஆகியவை இலவசமாக வைக்கப்பட்டிருக்கின்றன. எலக்ட்ரீசியன் நூல் தமிழிலும் வந்திருக்கிறது.

அதன் அமைப்பைப் பாருங்கள். முதலில் பாதுகாப்பு; மின்தாக்குதலுக்கு ஆளானவரை எப்படி விடுவிப்பது, மூச்சு நின்றவருக்கு என்ன செய்வது. பிறகு கைக்கருவிகள். பிறகு கம்பியை உரித்து முறுக்கி இணைப்பது. அதற்குப் பின்தான் ஓம் விதியும் கிர்க்காஃப் விதிகளும் வருகின்றன. காந்தம், மாறுதிசை மின்சாரம், மின்கலம், வீட்டு ஒயரிங், எர்த்திங், அளவீட்டுக் கருவிகள், டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார், கன்ட்ரோல் பேனல் என்று இரண்டாண்டுக்குப் பாடம் போகிறது. கோட்பாட்டுக்கு ஒரு நூல், செய்முறைக்கு ஒரு நூல். கல்லூரி நூல்கள் அணுவில் தொடங்கி வயருக்கு வரும். இது வயரில் தொடங்கி அணுப்பக்கம் போகும். கையால் வேலை செய்பவருக்கு ஏற்ற வரிசை இதுதான். மொழிபெயர்ப்பு சில இடங்களில் கரடுமுரடாக இருக்கும். பொறுத்துக்கொண்டு படங்களோடு சேர்த்துப் படித்தால் விளங்கிவிடும்.

கடல் தாண்டி ஓர் இடத்தையும் சொல்லவேண்டும். இலங்கையில் பாடசாலை நூல்கள் தமிழிலும் அச்சாகி, அரசின் கல்வி வெளியீட்டுத் திணைக்களத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே சாதாரண தர மாணவருக்கு மின், இலத்திரனியல் தொழில்நுட்பம் ஒரு தனிப் பாடம். இலங்கையிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். அங்குள்ள கலைச்சொற்கள் சில நமக்குப் புதிதாக இருக்கும், அது பெரிய தடை ஆகாது.

இனி, கண்ணால் பார்த்துக் கற்பது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ‘ஃபெட்’ என்ற திட்டம், இயற்பியல் உருவகங்களை உலகுக்கே இலவசமாகத் தந்திருக்கிறது. திரையில் பாட்டரி, பல்பு, கம்பி, சுவிட்ச் ஆகியவற்றை இழுத்து வைத்து நாமே சர்க்யூட் கட்டலாம். ஷார்ட் செய்தால் திரையில்தான் தீப்பிடிக்கும். பால் ஃபால்ஸ்டாட் என்பவர் எழுதிய சர்க்யூட் உருவகத்தில் மின்னோட்டம் நகரும் புள்ளிகளாக ஓடும். மாறுதிசை மின்சாரத்தில் புள்ளிகள் முன்னும் பின்னும் அசைவதைப் பார்க்கலாம். புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தும் பிடிபடாத ஒன்று இதைப் பார்த்த பத்து நிமிடத்தில் பிடிபடும்.

பட்டயமோ பட்டமோ படிப்பவர்களுக்கு என்.பி.டெல். இருக்கிறது. ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003-இல் தொடங்கியது, சென்னை ஐ.ஐ.டி. அதன் முதன்மை நிலையம். இந்திய அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் எல். உமானந்த் நடத்திய அடிப்படை மின் தொழில்நுட்ப வகுப்புகளையும், சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் நாகேந்திர கிருஷ்ணபுரா நடத்திய மின்சுற்று வகுப்புகளையும் யாரும் பார்க்கலாம். தேர்வெழுதிச் சான்று பெறுவதற்கு மட்டும் கட்டணம். பாடங்களைத் தமிழாக்கும் வேலையும் நடக்கிறது. ஆங்கிலம் வருமென்றால் அமெரிக்க ஆசிரியர் டோனி குப்பால்ட் ஆறு தொகுதிகளாக எழுதி உலகுக்கே விட்டுவிட்ட ‘லெசன்ஸ் இன் எலக்ட்ரிக் சர்க்யூட்ஸ்’ இருக்கிறது. அமெரிக்கக் கடற்படை தன் வீரர்களுக்காக 24 பகுதிகளாக எழுதிய மின்னியல், மின்னணுவியல் பயிற்சித் தொடர் இருக்கிறது. ஃபைன்மனின் இயற்பியல் விரிவுரைகளும் முழுமையாக இணையத்தில் உள்ளன, ஆனால் அவை தொடக்கக்காரருக்கானவை அல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தப் பேச்சிலேயே முக்கியமான பகுதியாக இதைக் கருதுகிறேன்.

அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அங்கே கறுப்புக் கம்பி மின்சாரம் உள்ள கம்பி, வெள்ளை நியூட்ரல். நம் ஊரில் வழக்கமாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் இப்போது பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல். அதாவது அமெரிக்கக் காணொளி பார்த்தவருக்கு நம் கறுப்பு ஆபத்தான கம்பியாகத் தெரியும். அதனால் பெரிய கேடில்லை. ஐரோப்பியக் காணொளி பார்த்தவருக்கு நம் நீலம் பாதுகாப்பான நியூட்ரலாகத் தெரியும். கை வைத்தால் 230 வோல்ட். ஓம் விதிக்கு நாடு கிடையாது. ஒயரிங்குக்கு நாடு உண்டு. கோட்பாட்டை எந்த நாட்டு ஆசிரியரிடமும் கற்கலாம். கம்பியின் நிறம், எர்த் அமைப்பு, பிளக்கின் வடிவம், கம்பியின் பருமன் ஆகியவற்றை நம் நாட்டு விதிப்படியே கற்கவேண்டும். எந்தக் காணொளி சொன்ன நிறமானாலும், டெஸ்டரும் மீட்டரும் வைத்துச் சோதிக்காமல் கம்பியைத் தொடக்கூடாது.

நம் நாட்டு விதிகள் எங்கே? அவையும் இலவசம்தான். இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ். வெளியிட்ட ஐ.எஸ். 732 வீட்டு ஒயரிங்குக்கு, ஐ.எஸ். 3043 எர்த்திங்குக்கு, தேசிய மின் விதித்தொகுப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறது. முன்பெல்லாம் இவற்றை விலை கொடுத்துத்தான் வாங்கவேண்டும். பாதுகாப்பு விதியை மக்கள் காசு கொடுத்தா படிப்பது என்று கேட்டு, கார்ல் மலமூத் என்ற அமெரிக்கர் இந்தியத் தரங்களை ஆயிரக்கணக்கில் இணையத்தில் ஏற்றினார். இந்திய நண்பர்களோடு சேர்ந்து டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2015-இல் பொதுநல வழக்கும் தொடுத்தார். இன்று பி.ஐ.எஸ். தளத்திலேயே பதிவு செய்துகொண்டு இலவசமாகத் தரவிறக்கலாம். இந்த வாசல் திறந்ததை நம் ஒயர்மேன்களுக்கு யாரும் அறிவிக்கவில்லை. அவை ஆங்கிலத்தில் சட்ட நடையில் இருக்கின்றன என்பது அடுத்த தடை.

தமிழ்க் காணொளிகளைப் பற்றியும் கேட்பீர்கள். யூடியூபில் அக்கறையோடு சொல்லித்தரும் தமிழ் எலக்ட்ரீசியன்கள் பலர் இருக்கிறார்கள்; அவர்களுக்கு என் வணக்கம். கூடவே எர்த் கம்பியை நியூட்ரலாகப் பயன்படுத்து, மீட்டர் ஓடாமல் இருக்க இப்படிச் செய் என்று சொல்லும் காணொளிகளும் இருக்கின்றன. எர்த்தை நியூட்ரலாக்கினால் ஒரு நாள் அந்த எர்த் எங்காவது விடுபடும்போது வீட்டிலுள்ள கிரைண்டர், ஃபிரிட்ஜ் எல்லாவற்றின் உடம்பிலும் மின்சாரம் ஏறி நிற்கும். நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் பார்க்க அடிப்படை தெரிந்திருக்கவேண்டும். ஆகவே முதலில் நூல், பிறகு காணொளி என்பதே என் சிபாரிசு.

மைக்கேல் ஃபாரடேயை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. கொல்லன் மகன். லண்டனில் ஒரு புத்தகக் கட்டுநரிடம் தொழில் பழகியவர். கட்டுவதற்கு வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையைப் படித்தார். அது அவருக்கு இலவசமாக வந்த நூல். படித்ததோடு விட்டிருந்தால் அவரை நாம் அறிந்திருக்கமாட்டோம். கையில் இருந்த சில்லறைக் காசில் ஒரு சிறு மின்பொறியைத் தானே செய்து பார்த்தார். ஒரு ஷில்லிங் கட்டணத்தில் நடந்த மாலைச் சொற்பொழிவுகளுக்கு, அண்ணன் காசு கொடுக்க, போய்க் கேட்டுக் குறிப்பெடுத்தார். 1831-இல் அவர் கண்ட மின்காந்தத் தூண்டலால்தான் பாபநாசத்து ஜெனரேட்டர் இன்றும் சுற்றுகிறது. நூல், கைவேலை, சேர்ந்து கேட்கும் கூட்டம் ஆகிய மூன்றும் அவருக்கு வாய்த்தன. இணையம் நமக்குத் தருவது இவற்றில் ஒன்றைத்தான். மற்ற இரண்டையும் ஊர்தான் தரவேண்டும்.

நம் பக்கத்திலும் முன்னோடி இருக்கிறார். தாமிரபரணியின் கீழ்க்கோடியில், நவதிருப்பதிகளில் ஒன்றான பெருங்குளத்தில் 1891-இல் பிறந்த பெ. நா. அப்புஸ்வாமி, வழக்கறிஞராக இருந்துகொண்டே அறிவியலைத் தமிழில் எழுதுவதை வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டார். 1986-இல் மறையும் முதுமை வரையிலும் அதை விடவில்லை. கோவையில் ஜி. ஆர். தாமோதரன் ‘கலைக்கதிர்’ இதழை நடத்தினார். அன்று அவர்களுக்கு அச்சுச் செலவு இருந்தது, தபால் செலவு இருந்தது. நமக்கு அந்த இரண்டும் இல்லை. எழுத ஆள் மட்டும் வேண்டும்.

இப்போது கல்லூரி மாணவர்களிடம் பேசுகிறேன். உங்களில் இயற்பியல் படிப்பவர்கள் ஓம் விதியைத் தேர்வில் எழுதிவிடுவீர்கள். உங்களில் எத்தனை பேர் மெயின் போர்டைத் திறந்து எது எம்.சி.பி., எது ஆர்.சி.சி.பி. என்று காட்டுவீர்கள்? பின்வரிசையில் இருப்பவர்களுக்கு அது தெரியும். அவர்களுக்குத் தெரியாத கணக்கு உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் ஒரு மேசையைச் சுற்றி இரு சாராரும் உட்கார்ந்தால் இரு பக்கக் குறையும் தீரும். அதற்கு இடம் நம் ஊர் நூலகம். 1948-இல் எஸ். ஆர். ரங்கநாதனின் முயற்சியால் வந்த நூலகச் சட்டப்படி, வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டிவருகிறோம், உரிமையோடு கேட்கலாம். நிமியின் தமிழ் நூலை அச்செடுத்து இரண்டு படி அங்கே வையுங்கள். ஒரு மல்டிமீட்டர், சில டார்ச் பாட்டரிகள், சிறு பல்புகள், தடைகள், கொஞ்சம் கம்பி. இவ்வளவுதான் ஆய்வுக்கூடம். முதல் சில மாதங்களுக்கு 12 வோல்ட்டுக்கு மேல் மேசைக்கு வரவே கூடாது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். தொடராக இணைத்தால் என்ன, பக்கமாக இணைத்தால் என்ன என்பதை அந்தச் சிறு பல்புகளே காட்டிவிடும்.

அந்த மேசையிலிருந்து எழுத்தும் பிறக்கட்டும். நான் சொன்ன நியூட்ரல் கதையை, தோப்பு மோட்டார்க் கணக்கை, ஆர்.சி.சி.பி. விழும் காரணத்தை, நம் கம்பி நிறங்களோடு, நம் 230 வோல்ட்டோடு, இரண்டிரண்டு பக்கத் தமிழில் எழுதுங்கள். எழுதியதை ஓர் அனுபவசாலி ஒயர்மேனிடமும் ஓர் ஆசிரியரிடமும் காட்டித் திருத்துங்கள். பிறகு, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு தமிழ் விக்கிப்பீடியாவிலோ வேறெங்கோ இணையத்தில் வையுங்கள். இந்த வேலையைக் கொலராடோவிலிருந்து யாரும் வந்து செய்யமாட்டார்கள்.

கடைசியாகப் பின்வரிசைத் தம்பிகளுக்கு. தமிழ்நாடு அரசு மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்றை நடத்துகிறது. ஒயரிங் வேலையில் ஐந்து ஆண்டு அனுபவமும் 21 வயதும் ஆனவர்கள் எழுதலாம். பள்ளிப் படிப்பு இவ்வளவு என்று அது கேட்பதில்லை. அரசு ஐ.டி.ஐ.களில்தான் தேர்வு நடக்கும். நான் சொன்ன நிமி நூலின் முதலாண்டுப் பகுதியைப் புரிந்து படித்தவர் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. அடுத்த அறிவிப்பு வரும்போது இந்த ஊரிலிருந்து பத்துப் பேராவது விண்ணப்பம் போடுங்கள். சேர்ந்து உட்கார்ந்து படிக்க ஆள் வேண்டுமென்றால் ஞாயிறுதோறும் நான் வருகிறேன்.